பதிலை மனப்பாடம் செய்தவர்

ஹலோ… டாக்டருங்களா? … ஸ்கூல் வேன் டிரைவர் வீட்டுலேருந்து பேசுறேன், சார். போன வாரம் வந்தோமே… ஆமா, ஆமா, போனைப் பார்த்துக்கிட்டே வேனை ரோட்டு நடு மீடியன் மேல ஏத்தினவர்தான்.

… சத்தமா? குழாயைத் தொறந்து விட்டிருக்கேன். பாத்ரூம்ல இருக்கேன், சார். அவர் கதவுக்கு வெளிய நிக்கிறார். கேட்டுடக் கூடாது.

… ஐயோ, அடிக்கிறதெல்லாம் இல்ல. அடிக்கிற மனுஷன் இல்ல. எதை முதல்ல சொல்றது… வரிசை முன்னப்பின்ன இருக்கலாம், எனக்கே சரியா ஞாபகம் இல்ல. அன்னிக்கு அவர்கிட்ட கேள்வி கேட்டீங்களே? போன் இல்லாட்டி எரிச்சல் வருதா, தூக்கம் கெடுதான்னு? … ம்… எல்லாத்துக்கும் ‘இல்ல’ன்னார். வண்டி ஓட்டலாம்னு நீங்களும் எழுதிக் கொடுத்துட்டீங்க.

… அதான் சார்! வெளிய காத்திருந்தப்பவே அந்தக் கேள்வியையெல்லாம் போன்ல தேடிப் படிச்சிருக்கார். கண்ணை மூடி முணுமுணுத்தார். சாமியை வேண்டிக்கிறார்னு நெனச்சேன். பதிலை மனப்பாடம் பண்ணியிருக்கார்! நேத்து அவரே பெருமையா சொல்றார்.

… சிரிப்பு வருதுங்களா? … எனக்கும் நேத்து வந்துச்சு.

… ம்… குளிக்கப் போனாலும் போனை பிளாஸ்டிக் பைல போட்டு எடுத்துட்டுப் போவார்… சாப்பாடா? தட்டுல என்ன இருந்துச்சுன்னு கேளுங்க, முழிப்பார்… வேன்லயா? பிள்ளைங்களைப் பார்க்கிற கண்ணாடி மேலயே போனை ஒட்டி வெச்சிருக்கார், சார்.

இருங்க, வரேன்! வயிறு சரியில்லங்க!

… உங்களை இல்ல சார், அவரைச் சொன்னேன். அவரோட போனு, வேன் சாவி, ரெண்டும் என் கையில. பிள்ளைங்களை ஏத்த அவர் இப்பவே கிளம்பணும்.

… என்னது? ஸ்கூலுக்குச் சொல்லித்தான் ஆகணுமா? … வேலை போயிடுமே, சார்… நான் பேசித் திருத்திடுறேன்… ஒரு தடவை… புரியுது… ஆமா… ஆமா, என் பொண்ணும் அதுலதான் போறா…

… ஒரு நிமிஷம். ஏதோ சொல்றார்.

…

சார்… அழுறார். போனை மட்டும் கதவுக்கு அடியில தள்ளிடும்மாங்கிறார். சாவியை நீயே வெச்சுக்கோங்கிறார்.

…

சொல்லிடுங்க, சார். ஸ்கூலுக்குச் சொல்லிடுங்க.

… இல்ல, பயமில்ல. வேன் தெருவுலயே நிக்குது, ஜன்னல்ல தெரியுது. பாப்பா பையை மாட்டிக்கிட்டு அது பக்கத்துல நிக்கிறா. அவர் கதவுல சாய்ஞ்சு உட்கார்ந்துட்டார். நான் உள்ளதான் இருக்கேன்.

வெச்சிடுறேன்.