பறவை பார்க்கிற பக்கம்

– "இந்தப் பறவை யாரைம்மா பாக்குது?"ன்னு நான் திருத்திட்டிருந்த பழைய படம் ஒண்ணைப் பாத்து அப்பா ஒருநாள் என்னைக் கேட்டார். இதே நாற்காலிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு.

– அக்கா, வேலையைப் பாரேன். சாயங்காலத்துக்குள்ள போட்டோ போட்டிக்கு அனுப்பணும்.

– வேலையைத்தான்டா சொல்றேன். உன் மீன்கொத்தி இடப்பக்கம் பாக்குது. நீ அந்தப் பக்கத்தையே வெட்டி எறிஞ்சிருக்க. பாவம், அலகு போய்ச் சுவத்துல இடிக்குது.

– கிட்டத்துல தெரியட்டும்னு வெட்டினேன்.

– கிட்டத்துல தெரியுது. மூச்சும் முட்டுது. பாக்குற பக்கம் இடம் விடணும். வெட்டாத படத்தைத் திற.

– இந்தா, நீயே திருத்து. கண்ணுல மட்டும் கொஞ்சம் வெளிச்சம் ஏத்து. முதுகு நீலத்துல கை வைக்காத.

– நானா? போன தடவை நீ ஏத்தின நீலத்துல, பறவை சாயத்தொட்டியில விழுந்து எழுந்த மாதிரி இருந்தது.

– சரி தாயே. அது என்ன, இடப்பக்கம் நாணலுக்குள்ள ஒரு சிவப்புக் கறை?

– மங்கலா இருக்கு. மீன்கொத்தி அதைத்தான் பாக்குது.

– ஏதாவது பிளாஸ்டிக் பையா இருக்கும். கண்ணை இழுக்குது, அழிச்சிடு.

– இது எப்ப எடுத்தது?

– அன்னிக்குத்தான்.

– அப்பா காணாமப் போன அன்னிக்கா?

– ம். அதுக்கப்புறம் நான் எங்க கேமராவைத் தொட்டேன்.

– அதைப் போய் போட்டிக்கு அனுப்புறியா?

– நல்ல படம்க்கா. வேற என்ன சொல்லச் சொல்ற? அழுகைகூட வரமாட்டேங்குது.

– எனக்கும்தான். அவர் தட்டைக் கழுவி வைக்கிறேன், மறுபடி எடுத்துக் கழுவுறேன்.

– ஏரிக்கரையில எனக்குப் பின்னாடி பெஞ்சிலதான் உக்கார வச்சேன். பிளாஸ்கைக் கையில குடுத்துட்டுத்தான் வந்தேன். திரும்பிப் பாத்தா ஆள் இல்ல. மறதிக்காரர், பழக்கத்துல ரோட்டுப் பக்கமாத்தான் போயிருப்பார்னு...

– தெரியும்டா. நீ சொன்னதை வச்சுத்தான பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரின்னு அலைஞ்சோம். ஏரிப்பக்கம் யாரும் எட்டிக்கூடப் பாக்கல.

– எனக்கு முன்னாடி போயிருந்தா எனக்குத் தெரியாதா? அந்தப் பக்கமேதான கண்ணை வச்சுட்டு உக்காந்திருந்தேன்.

– பறவை மேல வச்சிருந்த.

– என்னக்கா பண்ற? அழிக்கச் சொன்னா வெளிச்சம் ஏத்துற?

– இரு. நிழல் பக்கத்தை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்குறேன். சிவப்புக்கு நடுவுல வெள்ளையா ஒரு கோடு தெரியுதா?

– தெரியுது. அதுக்கென்ன?

– சிவப்பு நூல் பத்தலைன்னு நடுவுல வெள்ளையைச் சேத்துப் பின்னினேன். "கழுத்துல ரயில் சிக்னலை மாட்டி விட்டுட்டியே"ன்னு அப்பா கேலி பண்ணாரே, அந்த மஃப்ளர். அன்னிக்கும் அதைத்தான் சுத்திட்டுப் போனார்.

– தள்ளு, நான் போய்ப் பாக்குறேன்.

– டேய், ஏரிக்கா? வெறுங்காலோட போகாத, ரப்பர் பூட்ஸையாவது மாட்டிக்க. நாணலுக்குள்ள முழுக்கச் சேறு.