நிலாவெளி மணல்மேடு

கேட்டு எழுத வந்திருக்கிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள் ஐயா: எனக்குக் கடல் பிடிக்காது. உப்புக்காற்று சட்டைக் கொலரை ஒரே நாளில் பிசுபிசுக்க வைத்துவிடும். கலஹா தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து, மீசை முளைக்குமுன் உரமூட்டை சுமந்தவனுக்குக் கடல் எதற்கு? ஆனால் வெள்ளைக்காரருக்குப் பிடிக்கும். அதனால் கண்டியில் உட்கார்ந்துகொண்டு அவர்களுக்குக் கடற்கரைக் காணி விற்றேன்.

எண்பத்து மூன்றில் ஒரு ஜெர்மன்காரர் நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் கட்ட வந்தார். காணிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்மேடு. அதை வெட்டி எடுத்தால்தான் அறையில் படுத்தபடியே கடல் தெரியும். எடுத்தால் பாதகமில்லை என்று பொறியியலாளர் ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் அனுமதி. அனுமதி கிடைத்தால்தான் முதலீடு.

பொறியியலாளர் சோதிலிங்கம், யாழ்ப்பாணத்தார். குண்டசாலையில் என் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தார். நேர்மையானவர், அந்த வியாதிக்கு மருந்தில்லை. மேட்டை எடுத்தால் மாரியில் மீனவர் குடிசைகளுக்குள் கடல் வரும் என்று மாதக்கணக்காக மறுத்தார். இந்த நாட்டில் முதலீட்டுக்கு என்ன ஆபத்து என்று ஜெர்மன்காரர் கேட்டபோது, சோதிலிங்கம்தான் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

தமிழர்களைத் தேடி வெட்டிக் கொளுத்திய ஜூலைக் கலவரம் கண்டிக்கு வந்த பகலில், அவரும் மனைவி பத்மாதேவியும் என் பின்கதவைத் தட்டினார்கள். எங்கள் ஒழுங்கையில் எனக்குச் சிங்களப் பெயர், அழகக்கோன். அழகையா என்பது தோட்டத்தோடு போயிற்று. நான் தமிழன் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

“அழகையா, நாலு நாளைக்கு எங்களை உள்ளுக்கை வைச்சிரும்.”

தேத்தண்ணி கொடுத்தேன். பக்கத்தில் அந்த மணல்மேட்டு அறிக்கையையும் வைத்தேன்.

“ஒரு கையெழுத்துதானேங்க ஐயா. போட்டுட்டு நிம்மதியா இருங்க.”

“இதென்ன, தேத்தண்ணிக்குக் காசே?” சிரிக்கப் பார்த்தார்.

பத்மாதேவி பொட்டை அழித்துவிட்டு வந்திருந்தார். “போடுங்கோப்பா. உயிரோடை இருந்தாப் பிறகு மாத்தி எழுதலாம்.”

போட்டார்.

அந்த அம்மா சொன்னது நியாயமான யோசனை. என் தொழிலில் அதைத்தான் ஆபத்து என்பது. உயிரோடு இருப்பவர் மாற்றி எழுதுவார்.

ஆற்றுப் பாலத்தடியில் ஆமி லொறி நிற்கிறது, தமிழர்களை முகாமுக்கு ஏற்றுகிறார்கள், இங்கே வீடு வீடாகப் பார்க்கப் போகிறார்கள், சீக்கிரம் போங்கள் என்றேன். பத்மாதேவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீர் நல்லா இருக்கோணும், தம்பி.”

இருக்கிறேன்.

பாலத்தடியில் நின்றது யார் என்று எனக்குத் தெரியும். ஆமி இல்லை, காலையில் வீடு கொளுத்தப் பெற்றோலுக்கு நன்கொடை கேட்டு வந்த கும்பல். ஒழுங்கையே கொடுக்கும்போது அழகக்கோன் இல்லையென்று சொல்ல முடியுமா? இருவரும் பாலத்தைத் தாண்டவில்லை. நான் யாரையும் வெட்டவில்லை, கொளுத்தவில்லை. வழி கேட்காதவர்களுக்கு வழி சொன்னேன், அவ்வளவுதான்.

கையெழுத்தோடு போனால், ஜெர்மன்காரர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். நாட்டில் கலவரமாம், முதலீட்டுக்கு ஆபத்தாம். பிறகு யுத்தம் வந்து அந்தப் பக்கம் போகவே முடியாமல் போயிற்று. மணல்மேடு இன்னும் அப்படியே இருக்கிறதாம்.

அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. சுற்றாடலுக்கு என்னால் ஒரு சேதமும் இல்லை.