மூன்றாவது வால்வு

மாலை ஆறே முக்கால் மணி. கல்குவாரிக்குப் போகிற பழைய ரோடு. குவாரியை மூடிப் பல வருஷமாகிறது. லாரிகள் தோண்டிவிட்ட பள்ளங்கள் மட்டும் அப்படியே கிடக்கின்றன. புது ரோடு வந்த பிறகு அந்தப் பக்கம் ஈ காக்கை கிடையாது. அதில் ஒரு கார்... தனியாக... வேகமாகப் போகிறது. பள்ளத்தைக் கண்டால் ஒதுங்கவில்லை. தேடித் தேடிப் போய் விழுகிறது.

ஓட்டியவர் நம் ஆபீஸ் கேஷியருக்குப் பெரியப்பா மகன். கேஷியர் தலையில் அடித்துச் சத்தியம் செய்து சொன்ன கதை இது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், மெக்கானிக் வந்து இந்த வேனைக் கிளப்ப எப்படியும் நேரமாகும். அந்தக் கண்ணாடியையும் ஏற்றிவிடுங்கள்.

காரை ஓட்டியவருக்குத் தொழில் கார்களில் பாட்டு செட் மாட்டுவது. ஊரில் செட்டுக்காரர் என்றே பெயர். கை சுத்தம், வேலை சுத்தம். கர்வம் மட்டும் ஒரு கரண்டி தூக்கல். அவர் மாட்டுவதெல்லாம் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்தான். சுவிட்சைத் தட்டிய கணத்தில் பாடும். பள்ளத்தில் விழுந்தாலும் கலங்காது, பேட்டரியையும் குடிக்காது.

அவர் மனைவிக்கு ஒரு அக்கா. அக்கா வீட்டுக்காரர் பல் டாக்டர். செட்டுக்காரருக்குச் சகலை. அந்த மனுஷர் பல் பிடுங்கியது போக மிச்ச நேரத்தில் பழைய ரேடியோ வால்வுகளைத் தேடிப் பிடித்து, தானே ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டி, தன் கார் டிக்கியில் வைத்திருந்தார். வரிசையாக நான்கு கண்ணாடி வால்வு. உள்ளே கம்பி ஆரஞ்சு நிறத்தில் கனியும். தொட்டால் கை பொத்துப்போகும். சுவிட்சைப் போட்டாலும் உடனே பாடாது, சூடேறும்வரை அரை நிமிஷம் ஊமையாக இருக்கும்.

"டிக்கியில கண்ணாடிக் கடையே வச்சிருக்கீங்க சகலை. ஒரு பள்ளம் போதும், மொத்தமும் காலி" என்று செட்டுக்காரர் கேலி செய்வார். டாக்டர் கோபப்பட மாட்டார். சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் இவருக்கு ஆகாது.

டாக்டரிடம் ஒரு பழக்கம் உண்டு. பல்லைத் தட்டிப் பார்க்கிற மாதிரியே வால்வையும் தட்டிப் பார்ப்பார். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடி இருக்கிறதே, அதன் கைப்பிடியால். வால்வின் குணம் அப்படி, அதன்மேல் தட்டினால் முன்னால் ஸ்பீக்கரில் கேட்கும். டிங்... டிங்... டக்... டிங். மூன்றாவது மட்டும் எப்போதும் மந்தம். "மூணாவது லேசா ஆடுது. என்னம்மா, வலிக்குதா?" என்று வால்வைக் கேட்பார். பக்கத்தில் நின்றால் அவர் சட்டையில் கிராம்புத் தைலம் மணக்கும்.

இதெல்லாம் போகட்டும். ஒரு நாள் செட்டுக்காரரின் மனைவி அந்தக் காரில் பாட்டுக் கேட்டுவிட்டு வந்து ஒரு வார்த்தை சொன்னாள்.

"மாமா வண்டியில பாடுறவங்க மூச்சு விடுறது கேக்குதுங்க. நம்ம வண்டியில பாட்டு மட்டுந்தான் கேக்குது."

அவ்வளவுதான். மனுஷருக்கு அன்றைக்குப் பிடித்தது வயிற்றெரிச்சல். ஊரில் பாதிக் கார் இவர் கைப்பட்டுப் பாடுகிறது. கட்டியவள் காதுக்கு மட்டும் இவர் போதவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அந்த மூச்சு, படுத்தால் அந்த மூச்சு.

போட்டி வைத்தார். ஒரே காரில் இரண்டு ஆம்ப்ளிஃபயர், நடுவில் மாற்றுகிற சுவிட்ச். இரண்டுக்கும் சத்தம் ஒரே அளவு. மனைவி கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். இவர் மாற்றி மாற்றிப் போட்டார். அவள் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. "இது மாமாவோடது... இது நீங்க... இது மாமா." வால்வு வரும்போதெல்லாம் கட்டிய துண்டுக்குக் கீழே அவள் உதடு தானாகச் சிரித்தது. அதை அவர் பார்த்துவிட்டார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஸ்பீக்கர் சரியில்லை, சீட்டு உறை சரியில்லை என்று என்னென்னவோ சொன்னார். டாக்டர் அவர் தோளில் கை போட்டார்.

"உங்க ஆம்ப்புக்கு ஒரு குறையும் இல்ல சகலை. மூச்சுதான் இல்ல. இருங்க, ஒரு நாள் நானே வந்து குடுக்குறேன்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நாள் வரவில்லை. இரண்டு நோயாளிகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில், நோயாளி சாய்கிற அந்த நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்களே... செட்டுக்காரருக்கு அந்தப் பழமொழி தொண்டையில் முள்ளாக நின்றது. அழுதார். உண்மையாகவே அழுதார். ஆனால் அழுகைக்கு அடியில் ஒரு மூலையில், இனி போட்டி இல்லை என்று ஒரு நிம்மதி. அதுவும் உண்மைதான்.

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. அக்கா காரை விற்றாள். வால்வுப் பெட்டியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டாள். "நம்ம வண்டியில மாட்டுங்க. மாமா ஞாபகமா இருக்கட்டும்" என்றாள் மனைவி. பல்லைக் கடித்துக்கொண்டு தன் கையாலேயே மாட்டினார். அதன் பிறகு தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் ஷெட்டில் நிற்கிற காரில் போய் உட்காருவாள். அரை நிமிஷம் காத்திருப்பாள். பாட்டு வரும். கண்ணை மூடிக்கொள்வாள்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். உயிரோடு இருப்பவனோடு மல்லுக்கட்டலாம். செத்தவனை எந்த சுவிட்சைப் போட்டு ஜெயிப்பது?

அதனால்தான் குவாரி ரோடு. பள்ளத்தில் விழுந்து வால்வு தானாக உடையட்டும். 'அன்னைக்கே சொன்னேன்ல' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தன்னுடையதை மாட்டிவிடலாம். அதுதான் திட்டம்.

கார் விழுகிற ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஸ்பீக்கரில் 'ணங்' என்று வால்வு அதிர்ந்தது. உடையவில்லை. குவாரியின் விளிம்பு வந்துவிட்டது. அதற்கு மேல் ரோடு இல்லை. காரை நிறுத்தினார். பாட்டை நிறுத்தினார். ஸ்பீக்கரில் வெறும் உறுமல்... ம்ம்ம்ம்...

டிங்.

கார் அசையவில்லை. காற்றுகூட இல்லை.

டிங்... டக்... டிங்.

பின்னால் டிக்கியில், யாரோ நிதானமாக, ஒவ்வொன்றாக...

சாவியைத் திருப்பி அணைத்தார். வால்வு உடனே சாகாது. சூடு ஆறும்வரை கொஞ்சம் உயிர் இருக்கும். அந்த உயிரில் இன்னொரு சுற்று கேட்டது. டிங்... டிங்... டக்... மெல்லத் தேய்ந்து... நான்காவது கேட்பதற்குள் அடங்கிவிட்டது.

இறங்கினார். டிக்கியைத் திறந்தார். ஆள் இல்லை. நான்கு வால்வும் அணையப்போகிற கங்காக மங்கிக்கொண்டிருந்தன. சூடான தூசி வாசனை... அதற்குள்ளே கிராம்புத் தைலம்.

பயந்தவன் ஓட வேண்டியதுதானே? ஓடவில்லை. பயத்தைவிடப் பொறாமை பெரிது, ஐயா. "செத்தும் விடமாட்டீங்களா சகலை" என்று பல்லைக் கடித்தார். கைக்குட்டையைச் சுற்றி, மூன்றாவது வால்வைப் பிடித்து ஆட்டினார். இப்படி... அப்படி... பிடுங்கினார். விரல் பொத்தது. பாறையில் வீசினார். சிலீர். மற்ற மூன்றும் அதன் பின்னாலேயே போயின.

வீட்டில் வந்து பள்ளத்தின்மேல் பழி போட்டார். மனைவி அவர் விரலில் இருந்த கொப்புளத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து போனாள். மறுநாள் அவர் வால்வுப் பெட்டியைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, தன்னுடைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரை மாட்டினார். அவள் காருக்குள் பாட்டுக் கேட்பதையே விட்டுவிட்டாள். அந்த வீட்டில் பேச்சும் குறைந்துபோனது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே 'சாப்பாடு ஆச்சு', 'கதவைப் பூட்டுங்க' என்பதோடு சரி. ஜெயித்தவர் முகத்தில் ஒரு வாரம்கூட வெற்றி நிற்கவில்லை.

மாதங்கள் ஓடின. ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரம். அவர் கூடத்தில் வயர் சுற்றிக்கொண்டிருந்தார். ஷெட் பக்கத்திலிருந்து மனைவி உள்ளே வந்தாள். கையில் கார் சாவி. எத்தனையோ நாள் கழித்து முகத்தில் சிரிப்பு.

"என்னங்க பண்ணீங்க உங்க ஆம்ப்ப? சொல்லவே இல்ல?"

"ஏன்?"

"மனசு கேக்காம இன்னைக்குப் போய் உக்காந்தேன். மூச்சு விடுறது கேக்குதுங்க. பக்கத்து சீட்டுல இருந்து விடுற மாதிரி. மாமாவோடத விடவே நல்லா இருக்கு."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த ஒரு வார்த்தைக்குத்தானே அத்தனை நாள் வெந்தார், அந்தக் காரியமும் செய்தார். எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் கையில் மெல்ல ஒரு வாசனை. அது என்ன என்று அவர் நினைப்பதற்குள் அவளே பேசினாள்.

"ஒண்ணுதாங்க குறை. உங்களோடது சுவிட்ச் போட்ட உடனே பாடுமே, இப்ப அரை நிமிஷம் சும்மா கிடக்குது. அப்புறம் நாலு தட்டு கேக்குது, மூணாவது மட்டும் மந்தமா. அதுக்கப்புறந்தான் பாட்டே வருது."