பிரைமர் அடித்த தோசைக்கல்

மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர்.

"எங்கூட்டுக்காரரு தோசைக்கல்லுக்கு பெயின்ட் அடிச்சுட்டாருங்கக்கா" என்றாள் இளையவள்.

"கல்லுக்கா?"

"லாரி பாடி கட்டற பட்டறைல தானுங்க வேலை. கல்லு துருப்புடிச்சிருக்குதுன்னு எடுத்துட்டுப் போனாரு. கிரைண்டர் போட்டுத் தேச்சு, செவப்பு பிரைமர் ரெண்டு கோட்டு அடிச்சுக் கொண்டாந்தாரு. இனி ஆயுசுக்கும் துருவே ஏறாதாமா."

"அடக் கெரகமே! புளி போட்டுத் தேச்சு எண்ணெய் தடவி வெச்சா, துரு தன்னால போயிருமே. என்ற கல்லு பதினஞ்சு வருசமாப் பழக்குனது. ஒரு நாளு சோப்பு காட்டுனதில்ல. எவனாச்சும் தொட்டாக் கையை ஒடிச்சுருவேன்."

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அக்கா, காலைல உங்கூட்டுக்காரரு அதைப் பார்த்துட்டு, பளபளன்னு இருக்குது, எங்களுதையும் இப்புடிப் பண்ணிக் குடுன்னு உங்க கல்லைக் கொண்டாந்து குடுத்தாருங்க. இவரும் பட்டறைக்கு எடுத்துட்டுப் போயிட்டாருங்க."

மூத்தவள் சீட்டைவிட்டு எழுந்தேவிட்டாள்.

"போனப் போடு புள்ள! உன்ற ஊட்டுக்காரனுக்குப் போனப் போடு!"

இளையவள் போட்டாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது.

"கிரைண்டர் ஓடறப்ப அவருக்குப் போன் கேக்காதுங்கக்கா."