ஒரு ஆளைக் காட்டுங்க

எதையும் முழுசாப் படிக்காம நான் கையெழுத்துப் போடறதில்ல, மேடம். இந்த வாக்குமூலத்துல நாலாவது வரியில 'கவனக்குறைவால்'னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதை மட்டும் அடிச்சிடுங்க. பதினோரு வருஷமா இந்த நெட் கம்பெனியில இருக்கேன். என்னைக் கவனமில்லாதவன்னு ஒருத்தரும் சொன்னதில்ல.

எங்க முதலாளி நல்ல மனுஷன். படம் எடுக்கறவங்க எல்லாம் சேர்ந்து, திருட்டுப் படம் பகிர்ற ஒரு சைட்டைத் தடுக்கச் சொல்லி நோட்டீஸ் விட்டாங்க. மத்த கம்பெனிக்காரங்க வாயை மூடிக்கிட்டுத் தடுத்துட்டாங்க. இவர் மட்டும் மாட்டேன்னார். "நாம ரோடு போடறவங்கப்பா. ரோட்டுல திருடன் போனான்னு ரோட்டையா தோண்டுவாங்க?"ன்னு கேட்பார். ரெண்டு வருஷம் கோர்ட்டுக்கு நாயா அலைஞ்சோம்.

போன மாசம் நீதிபதி கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுக் கேட்டார். "தடுத்தா அப்பாவிங்க பாதிக்கப்படுவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்க. ஒரு ஆளைக் காட்டுங்க பார்ப்போம்." எங்க வக்கீல் ஃபைலைப் புரட்டினார். பின்னாடி யாரோ சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு வீட்டுக்கு வந்தும் என் காதை விட்டுப் போகல. தடுக்கணும்னே தீர்ப்பாயிடுச்சு.

முதலாளி சோர்ந்துட்டார். "மேல அப்பீல் போட்டிருக்கு. அதுவரைக்கும் தடுத்துத் தொலை. ஆனா பேரை மட்டும் தடு, எண்ணுல கை வைக்காதே"ன்னார். புரியற மாதிரி சொல்றேன் மேடம். நெட்டுல சைட்டோட விலாச எண்ணுங்கறது ஒரு பெரிய கட்டடம் மாதிரி. அந்த சைட் இருந்த கட்டடத்துல மொத்தம் முப்பத்தெட்டுக் குடித்தனம். பேரைத் தடுத்தா ஒரு வீட்டுக்கு மட்டும் பூட்டு. எண்ணைத் தடுத்தா வாசல் கேட்டுக்கே பூட்டு. தீர்ப்புல 'பெயரையோ எண்ணையோ'ன்னு போட்டிருந்தது. நான் எண்ணை எடுத்துக்கிட்டேன்.

முப்பத்தெட்டும் யார் யாருன்னு பார்த்துட்டுத்தான் செஞ்சேன். தையல் வகுப்பு, மூக்குக்கண்ணாடிக் கடை, நாய் வளர்க்கறவங்க சங்கம். இருபத்தேழாவது, வீட்டுல மூச்சு மெஷின் வச்சிருக்கற நோயாளிகளைக் கவனிக்கற சைட். குழாய் நழுவினா ஆஸ்பத்திரியிலயும் வீட்டுக்காரங்க போன்லயும் மணி அடிக்கும்.

எங்க ஆபீஸ்ல புகார் போன் எடுக்கறவங்களை நாங்க போன் அக்கான்னு கூப்பிடுவோம். அவங்க வீட்டுக்காரர் அந்த மெஷின்லதான் இருந்தார். "அந்த டப்பா இருக்கற தைரியத்துலதான் தம்பி வேலைக்கு வர்றேன்"னு சொல்வாங்க. அவங்க வீட்டுக்கு லைன் இழுத்ததே நான்தான். அன்னிக்கு அவர் படுத்தபடியே கிண்டல் பண்ணார்: "இன்ஜினியர் சார், உங்க நெட் நின்னா என் மூச்சும் நின்னுடும், பார்த்துக்குங்க." மூணு பேரும் சிரிச்சோம். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

புதன்கிழமை காலையில பத்தேகாலுக்குத் தடுத்தேன். பதினொன்னுக்குள்ள போன் வர ஆரம்பிச்சுது. தையல் பாடம் வரல, கண்ணாடி ஆர்டர் போகல. எல்லாத்தையும் எழுதி வச்சேன். ஆனா தையல் பாடத்தைக் கொண்டுபோய் நீட்டினா கோர்ட்டுல மறுபடியும் சிரிப்பாங்க. ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியில இருந்து கேட்டாங்க, உங்க லைன்ல இருக்கற நோயாளிங்க நிறையப் பேர் எங்க திரையில தெரியலையேன்னு. கொஞ்ச நேரத்துல வந்துடும்னேன்.

ரெண்டு மணிக்கு அக்கா என் மேஜைக்கு வந்தாங்க. கையில போன்.

"தம்பி, அவர் மெஷினோட பச்சைப் புள்ளி சாம்பல் கலராயிடுச்சு. மனசு ஒரு மாதிரி இருக்கு. வீட்டுக்கு ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடவா?"

"நம்ம பக்கம் வேலை நடக்குதுக்கா. சாயங்காலம் தானா சரியாயிடும். நீங்க பயப்படாதீங்க."

"நீ சொன்னா சரிதான்"னு போய் உட்கார்ந்துட்டாங்க. அடுத்த போனை எடுத்தாங்க. நான் அவங்க முதுகையே பார்த்துக்கிட்டிருந்தேன். எழுந்து போயிடுவாங்களோன்னு எனக்குப் பயம். போகல. மூணே முக்காலுக்கு, சாவி வச்சிருந்த பக்கத்து வீட்டம்மா கூப்பிட்டாங்க. குழாய் நழுவிக் கிடந்ததாம், மணி எங்கயும் அடிக்கல.

அக்கா அழல மேடம். பையை எடுத்துக்கிட்டு என்கிட்ட வந்து, "நீ சொன்னியே தம்பி"ன்னு மட்டும் கேட்டாங்க. அவங்க படியிறங்கினதும் வக்கீலுக்கு ஒரு வரி அனுப்பினேன்: 'ஆள் கிடைச்சாச்சு.' வெள்ளிக்கிழமை அப்பீல்ல ஒருத்தரும் சிரிக்கல. தீர்ப்பை நிறுத்தி வச்சாங்க. ரெண்டு வருஷம் நாங்க தொண்டை கிழியக் கத்தினதை அக்கா வீட்டுக்காரர் ஒருத்தரே புரிய வச்சுட்டார். முதலாளிதான் இன்னும் என் முகத்தைப் பார்க்க மாட்டேங்கறார். ஏன்னு எனக்குத் தெரியல.

ஊர்ல அத்தனை வீட்டுக்கும் போன தடை எங்க வீட்டு லைனுக்கு மட்டும் ஏன் இல்லன்னு கேட்டீங்க. அதைத்தானே முதல்ல இருந்து சொல்லிக்கிட்டிருக்கேன். எங்க அம்மாவுக்கும் அதே மெஷின்தான். எண்ணைத் தடுக்கறதுக்கு முன்னாடியே எங்க லைனைத் தனியா விலக்கி வச்சேன், ரெண்டு தடவை சரி பார்த்தேன். கவனக்குறைவா இருந்திருந்தா அம்மா இன்னிக்கு உயிரோட இருப்பாங்களா?

அந்த வார்த்தையை அடிச்சாச்சுன்னா பேனாவைக் குடுங்க.