சேகண்டிக்கு அடியில ஒரு பேரு

பொக்கிஷமா? நல்லா வாயில வருது வே உமக்கு. எவன் வீட்டு நெலவறையிலயோ எலிப்புழுக்கைக்கு நடுவுல தொண்ணூறு வருசம் கெடந்த படச்சுருள் டப்பா. தொடச்சு எடுத்த ஒடன பொக்கிஷமாயிருச்சு, என்ன? உக்காரும், உக்காரும். காத்தாடிக் காத்து அந்த நாக்காலிக்குத்தான் வரும்.

பாலசுப்பிரமணியன்னுதான சொன்னீரு. பாளையங்கோட்டையில பொறந்த பிள்ள, லண்டன்ல போயி என்ன படிக்கீரு? வெள்ளக்காரன் மொதமொதல்ல எடுத்த பாட்டுப் படங்களப் பத்தி. அதுக்குப் பட்டம் வேற குடுக்கானா? கொள்ளாம். அங்கன உள்ள ஒருத்தனுக்கும் அதுகளப் பாக்கப் பொறுமை இருந்திருக்காது. அதான் உம்மளப் பிடிச்சுப் போட்டிருக்கான்.

கோவிக்காதீரும் தம்பி. நான் தூத்துக்குடி துறைமுகத்துல இழுவைக் கப்பல் ஓட்டுனவன். கிளமென்ட்டு வாயி அப்படித்தான்னு அங்க எவனக் கேட்டாலும் சொல்லுவான். நீரு தேடி வந்தது எங்கப்பாவ. படக்காரன் கூலிச் சீட்டுல பேரும் ஊரும் இருந்துச்சுங்கீரே, அந்தக் கபிரியேல். கடக்கரையில பங்குச் சாமியாரு வழி சொன்னாருன்னு இந்த வீட்டு வாசல்ல வந்து நிக்கீரு. நிக்கது சரி. ஆனா அந்தப் படத்த நான் மதிக்கணும்னு மட்டும் நெனைக்காதீரும்.

நீரே ஒத்துக்கிட்டீருல்லா? அமெரிக்காக்காரன் படம் வந்து அங்க உள்ள கொட்டகையெல்லாம் நெரம்பிட்டு. இவனுவ படத்த நாயி கூட சீண்டல. அந்தானிக்கு ஒரு சட்டம் போட்டானுவ, எங்க நாட்டுப் படத்தையும் இத்தன ஓட்டியே ஆகணும்னு. ஒடனே ஆளாளுக்கு அவுதி அவுதியா எடுத்துத் தள்ளியிருக்கானுவ. சனங்க கேட்டு எடுத்தானா, மனசுல ஒண்ணு தோணி எடுத்தானா? சட்டத்துக்குக் கணக்குக் காட்ட எடுத்தான். அதுக்கு நாலு பாட்டு, எட்டுப் பொம்பளப் பிள்ளைய கால் தூக்கி ஆட்டம். இதுக்குப் பேரு கலை. சவத்த விடும்.

எங்கப்பா அங்க எப்படிப் போயி மாட்டுனாகன்னு கேக்கீரா. கப்பல் சோலிக்குப் போனவுகதான். கொழும்புல ஏறி லண்டன்ல எறங்குனா, கப்பலுக்கு மராமத்து. நம்ம ஆளுக எல்லாரும் தொறைமுகத்துப் பக்கம் ஒரு சத்திரத்துல அடைஞ்சு கெடக்காக. வெளிய பனி. உள்ள கரி இல்ல. அப்பம் ஒருத்தன் வாரான். கறுத்த ஆளா இருபது பேரு வேணும், சினிமாவுல நிக்கணும், மத்தியானம் சூடா சாப்பாடுங்கான். சினிமான்னா என்னன்னு எவனுக்குத் தெரியும்? சூடுங்க வார்த்தைக்குத்தான் போனாக.

கதை என்ன, உமக்குத்தான் தெரியுமே. இந்தியாவுல ஒரு ராசா. அவனுக்கு லீலான்னு ஒருத்தி மேல ஆசை. அவ்வளவுதான். ராசா வெள்ளக்காரன், மூஞ்சியில கருப்பட்டிப் பாகு மாதிரி ஒண்ணத் தடவியிருக்கான். லீலாவும் வெள்ளச்சி. அவளுக்குக் கொஞ்சம் கம்மியாத் தடவல். தோட்டம்னு சொல்லி அட்டையில பனை மரம் வெட்டி நட்டு வச்சிருக்கான், அதுல வாழக்கொலை தொங்குது. சிரிக்கீரா? நெசமாவே தொங்குதா படத்துல? எங்கம்மை சொல்லும்போது சும்மா சொல்லுதான்னு நெனச்சேன். ராதாபுரம் பக்கம் போயி ஒரு பனையப் பாத்துட்டு வந்திருக்கப்படாதா அந்த மூதி. ஆனையும் உண்டாம். சாக்குத் துணிக்குள்ள ரெண்டு ஆளு. பின்னால நின்னவனுக்கு இருமல். ஆனை பின்பக்கத்தால இருமுது.

எங்கப்பாவுக்கு மொத நாளு வேலை, ராசாவுக்குப் பின்னால நின்னு மயிலெறகு விசிறி ஆட்டுதது. பிறந்ததுலேருந்து விசிறி ஆட்டித்தான் வளந்தவன் கணக்கா நில்லுன்னானாம் டைரக்டரு. அவன் எந்நேரமும் ஒரு தகரக் கூம்ப வாயில வச்சிக்கிட்டுத்தான் பேசுவானாம். நம்ம ஆளுக அவனுக்குக் கூம்புவாயன்னு பேரு வச்சுட்டாக.

ராசாவுக்குப் பாட வராது. பாட்டுப் படத்துக்குக் கதாநாயகன், பாட வராது! அப்பம்லாம் நடிக்க எடத்துலயே, வாத்தியக்காரன வச்சு, அங்கனயே பாட்டையும் பிடிக்கணுமாமே. மைக்கப் பூச்சட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருப்பானாம். ஒரு வெள்ளக்காரப் பாட்டுக்காரனத் திரைக்குப் பின்னால நிறுத்திப் பாட வச்சுப் பாத்திருக்கான். அவன் இந்தியப் பாட்டுன்னு சொல்லி மூக்கால மொனங்கியிருக்கான். கூம்புவாயனுக்கே பொறுக்கல.

இப்பம் கேளும். அந்தப் பாட்டுப் பிடிக்கதுக்கு முந்துன நாளு ஞாயித்துக்கெழம. எங்கப்பா மாதா கோயிலுக்குப் போயிருக்காக. அங்கன புதுசா வந்த கப்பல்லேருந்து பக்கத்து ஊருக்காரன் ஒருத்தன். இவுகளப் பாத்ததும் கையப் பிடிச்சிக்கிட்டான். உங்கண்ணன் கடலுக்குப் போனான், கட்டுமரம் மட்டும் ஒதுங்குச்சு, ஆளு கெடைக்கலன்னுட்டான். அண்ணன் பேரு ஜாஸ்பர். எங்கப்பாவத் தோள்ல தூக்கி வளத்த அண்ணன். சேதி வந்து சேரதுக்குள்ள அங்க ஊருல முப்பதாம் நாளு பூசையும் முடிஞ்சு போச்சு.

மறுநாளு எங்கப்பா போகமாட்டேன்னுதான் படுத்துக் கெடந்திருக்காக. கூட உள்ளவுகதான், இங்கன தனியாக் கெடந்தா செத்துப்போவ, அங்க வா, வெளக்குச் சூடாவது இருக்கும்னு இழுத்துட்டுப் போயிருக்காக. அந்த வெளக்கு வெளிச்சத்துல, அட்டை மரத்துக்குப் பின்னால, ஒரு பெட்டி மேல உக்காந்து, பைய, தனக்குத்தானே பாடியிருக்காக. அவுக அம்மை பாடி எத்தன சாவுல கேட்டிருப்பாக. அந்த மெட்டு. ஆம்பள ஒப்பாரி வைக்கப்படாதுன்னு சொல்ல அங்க எவன் இருக்கான்?

கூம்புவாயன் அந்தப் பக்கம் வந்தான். கேட்டான். இதான், இதான்னு துள்ளுதான். அழுகுத மனுசன் மூஞ்சியப் பாக்கல வே அவன். காதுல விழுந்தது மட்டும் வேணும்.

நம்ம ஆளுகளுக்கு மேஸ்திரி மாதிரி ஒருத்தரு, சாரங்குன்னு சொல்லுவாக, அவரு நூகு. காயல்பட்டணத்துக்காரரு. அவருக்குத்தான் கொஞ்சம் இங்கிலீஸ் வரும். அவருகிட்ட கூம்புவாயன் கேக்கான், இது என்ன பாட்டு? நூகு சொல்லியிருக்காரு, துரை, இது செத்தவுகளுக்குப் பாடுதது. அதனால என்ன, எவனுக்குத் தெரியப் போவுதுன்னான். திரைக்குப் பின்னால எங்கப்பாவக் கொண்டு நிறுத்திட்டான்.

ஏன் பாடுனாகங்கீரு. நானும் எங்கம்மைகிட்ட அதத்தான் கேட்டேன். அவ சொன்னா, அண்ணனுக்கு அழுவதுக்கு அந்த ஊருல வேற எடம் எங்க இருந்துச்சு, எங்கனயாவது வாயத் தொறந்தா போதும்னு இருந்திருக்கும்னா. இருக்கும். எனக்கு அதுக்கு மேல தெரியாது.

பாட்டா? தமிழ்னு தெரியுது, பழைய சுருளு எரைச்சல்ல சொல்லு வெளங்கலங்கீரு. எழுதிக்கிடும், அதுக்குத்தான வந்தீரு. கொண்டல் காத்து வீசையில கொந்தளிக்கும் கடல் போனவனே, ஜாஸ்பரே. வலையெல்லாம் கரையேற நீ மட்டும் ஏறலியே, ஜாஸ்பரே. மரம் வந்து சேந்திருச்சே, மகராசா வரலியே, ஜாஸ்பரே. ஒவ்வொரு அடி முடிவுலயும் அண்ணன் பேரு. இத எங்கப்பா பாடுதாக. முன்னால ராசா வாய அசைச்சு லீலாவ ஊஞ்சல்ல வச்சு ஆட்டுதான். சுத்தி எட்டுப் பிள்ளைய காலத் தூக்கி ஆடுது.

ஆட்டத்துக்கு மெட்டு பத்தலன்னு நிறுத்தச் சொன்னான். இன்னும் வேகமா, இன்னும் சந்தோசமாங்கான். நூகுக்கு அத எங்கப்பாகிட்டச் சொல்லவே நாக்கு எழும்பலயாம். ரெண்டாந்தரம் பாடும்போதுதான் கூம்புவாயனுக்கு அந்தப் பேரு காதுல விழுந்திருக்கு. ஜாஸ்பர்ங்கது வெள்ளக்காரன் வைக்க பேருல்லா. இது என்ன, காதல் பாட்டுல ஜாஸ்பரு? எங்க வீட்டு நாய்க்குல்லா அந்தப் பேருன்னானாம். சொல்லிட்டுச் சிரிச்சான். கூட நின்ன அத்தன பேரும் சிரிச்சானுவ. பெரிய மனுசன் சிரிச்சா சிரிக்க எரப்பாளிக் கூட்டம், அது எந்த ஊரானா என்ன.

அந்தப் பேர எடுத்துட்டு லீலான்னு பாடச் சொல்லுன்னான். எங்கப்பா தலைய ஆட்டுனாக. பாடுனாக. அடி முடிஞ்ச எடத்துல, ஜாஸ்பரே. கூம்புவாயன் கத்துதான். திரும்பப் பாடுனாக. ஜாஸ்பரே. நூகு கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டாராம், ஏலே கபிரியேலு, ஒரு சொல்லுதானலே, மாத்திப் பாடிட்டு வந்துரு, நம்ம இருபது பேரு சோறுலேன்னு. எங்கப்பா சொன்னாகளாம், என்னால முடியல அண்ணாச்சி, லீலான்னு சொல்ல வாயத் தொறக்கேன், அவன் பேருதான் வருது.

வெரட்டியிருப்பான். ஆனா மறுநாளு அந்தக் கூடம் வேற படக்காரனுக்குப் போவுது. அவசரம். அப்பத்தான் அந்த மேதைக்கு ஒரு ஓசனை வந்துச்சு. வாத்தியக்காரன் கையில பெரிய வெங்கலச் சேகண்டி ஒண்ணு இருந்துச்சு. அந்தப் பேரு வாற எடத்துல எல்லாம் ஓங்கி ஒண்ணு போடுன்னான்.

ஆமா. நீங்க எல்லாரும் கூடி உக்காந்து, கீழை நாட்டுத் தாளம்னு பக்கம் பக்கமா எழுதுனோம்ங்கீரே, அதுதான் வே இது. தாளமும் இல்ல, ஒண்ணும் இல்ல. செத்த மனுசன் பேர மறைக்க ஒரு தகரக்கூம்பன் அடிக்கச் சொன்னது. எதுக்கு மொகத்தத் தொங்கப் போடுதீரு? உமக்கு எப்படித் தெரியும், உம்ம வாத்தியாருக்கும் தெரியாது. ஆனா தெரியாததுக்கு ஒரு பேரு வச்சு, அதுக்கு விளக்கமும் சொல்லுதீங்கல்லா, அதத்தான் நான் சொல்லுதேன்.

இரும். ஒண்ண மறைக்கப்படாது. ஆடுன பிள்ளைகள்ல ஒருத்தி, முடிஞ்ச பெறகு திரைக்குப் பின்னால வந்திருக்கா. நோஞ்சான் பிள்ள, உதடெல்லாம் குளுருக்கு நீலம் பாரிச்சிருந்துச்சாம். எங்கப்பாவப் பாத்து என்னமோ கேட்டா. நூகு சொன்னாரு, ஆரு செத்துப்போனான்னு கேக்கா. எங்கப்பா அண்ணன்னு சொன்னாக. அவ தன் டீத்தண்ணியக் கையில குடுத்துட்டுப் போயிட்டா. அத்தன பேருல அவ ஒருத்திக்குத்தான் காது இருந்திருக்கு. படத்துல ஒரு பிள்ள மட்டும் தப்பாத் திரும்புதாளா? அது அவளா இருந்தா இருக்கும், இல்லாட்டியும் போவுது. அதுக்கும் ஒரு கட்டுரை எழுதிராதீரும்.

கப்பல் மராமத்து இழுத்துக்கிட்டே போச்சு, அதுக்குள்ள படம் வந்துச்சு. நம்ம ஆளுக கொட்டகையில மேல, கடைசி வரிசையில போயி உக்காந்தாக. ராசா வாயத் தொறக்கான், எங்கப்பா அழுகுதாக அதுக்குள்ளேருந்து. கீழ உள்ளவன்லாம் சீட்டியடிச்சுச் சிரிக்கான். ஒவ்வொரு சேகண்டிக்கும் கூட்டமே சேந்து காலத் தரையில தட்டுது. எங்கப்பா பாதியில எந்திரிச்சு வந்துட்டாக. ஒரு வாரம் கழிச்சுக் கப்பல் கெளம்புச்சு.

ஊருக்கு வந்து, அவுக அம்மை மடியில தலையப் போட்டு, அழுதியாலே உங்கண்ணனுக்குன்னு அவ கேட்டதுக்கு, அழுதேம்மான்னு மட்டும் சொல்லியிருக்காக. எங்கன வச்சு அழுதேன்னு எங்கம்மையத் தவிர ஆருகிட்டயும் சொல்லல.

இப்பம் நீரு விழா எடுக்கணும்ங்கீரு. படத்துக்குக் கீழ பாட்டோட அர்த்தம் போடுவீரு, கபிரியேல்னு பேரு போடுவீரு, கோட்டுப் போட்டவனுவ எந்திரிச்சு நின்னு கைதட்டுவானுவ. நான் வந்து மேடையில நிக்கணும். நான் வரல. எனக்கு அந்த ராசா மூஞ்சியப் பாக்கண்டாம், அந்த அட்டைப் பனையப் பாக்கண்டாம். கைதட்டும் வேண்டாம். ஆனா அர்த்தத்தப் போடும். காதல் பாட்டு இல்ல, இது ஒப்பாரின்னு போடும். சேகண்டி அடிக்க எடத்துல எல்லாம் ஜாஸ்பர்னு எழுதும். ஒரு எடம் விடப்படாது. சத்தியமா? சரி.

கெளம்புதீரா. நில்லும், ஒரு நிமிசம்.

அந்தப் பாட்டு உம்ம போன்ல இருக்குல்லா? படத்தக் காட்டாதீரும், குப்புற வச்சிக்கிடும். சத்தம் மட்டும் வையும். இல்ல, நான் கேட்டதே இல்ல, எங்கம்மை வார்த்தையாத்தான் சொல்லியிருக்கா, அவளுக்கு ராகம் வராது. எங்கப்பாவுக்குத் தொண்டையில கட்டி வந்துச்சு, நான் பொறக்கதுக்கு முந்துன வருசம். ஆப்ரேசன் பண்ணி உசிரக் காப்பாத்துனாக, குரலு போயிட்டு. எனக்குத் தெரிஞ்சு அவுக என்னக் கைதட்டித்தான் கூப்புடுவாக. ஊருல கெழடு கட்டையெல்லாம், உங்கப்பன் கோயில்ல பாடுனா மணல்ல உக்காந்து கேப்போம்லேன்னு சொல்லும். நான் சரி சரின்னு கேட்டுக்கிடுவேன்.

வையும் தம்பி. எங்கப்பா எப்படிப் பேசுவாகன்னு எனக்குத் தெரியாது.