பழைய காருக்குப் புது வெளிச்சம்

இந்த அறையில் மின்விசிறி நன்றாகக் காற்றுத் தருகிறது. எங்கள் வீட்டில் இருப்பது சத்தம் மட்டும்தான் தரும். அதனால் எனக்கு ஒன்றும் அவசரமில்லை அம்மா, நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் எனக்கு 'ரேடியோ' என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஆனாலும் எனக்குத் தெரியாமல் இருக்குமா. மூன்றாம் வீட்டு மருமகள் அம்மா வீட்டுக்குப் போனது கோபித்துக்கொண்டா, பல்வலிக்கா என்பது அவள் மாமியாருக்கே என்னிடம் கேட்டுத்தான் தெரிந்தது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சிலருக்குத் தோட்டம், சிலருக்குக் குறுக்கெழுத்து, எனக்குத் தெரு. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் பொழுது வேறு எப்படிப் போகும்?

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். இதை முதலிலேயே எழுதிவிடுங்கள். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, சாப்பாட்டில் உப்பு குறைந்தால் தானே எழுந்துபோய் எடுத்துக்கொள்வார். அவரிடம் ஒரு வில்லனைத் தேடினால் ஏமாந்துதான் போவீர்கள்.

அவருக்குக் காகித ஆலையில் ஸ்டோர் வேலை, இருபத்தெட்டு வருஷமும் இரண்டாம் ஷிப்ட். பகல் ஒரு மணிக்குக் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். ராத்திரி சாப்பாட்டுக்குக் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிவிடும். ஆகவே சாயங்காலம் என்பது கல்யாணமான நாளிலிருந்து என்னுடையது. ஐந்தரைக்குத் தையல் மெஷினை மூடி, முகம் கழுவிக்கொண்டு வாசல் கேட்டுக்கு வந்தால் மாடி வீட்டுக்காரி இறங்கி வருவாள். எதிர்வீட்டு வேன்காரர் வண்டியைத் துடைப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு காதை எங்களிடம் கொடுத்திருப்பார். எட்டு மணி வரை போவதே தெரியாது.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவர் ஓய்வு பெற்றார். முதல் நாள் ஆறு மணிக்கு வெளியே வந்து கேட்டைப் பூட்டினார். பூட்டுச் சாவியைக் கார் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இருட்டின பிறகு வெளிய என்ன வேலை? உள்ள வா" என்றார்.

மறுநாளும் ஆறு மணி. அதற்கு மறுநாளும். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். ஆட்களின் வாய் அசைவது தெரியும், சேதி கேட்காது. மாடி வீட்டுக்காரி என்னைப் பார்த்துக் கையசைப்பாள், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவளுக்கு அசைப்பது மாதிரி.

கேட்டுக்கு மாற்றுச் சாவி எங்காவது கிடக்கிறதா என்று ஒரு நாள் தேடினேன். காரின் பழைய காகிதங்கள் இருக்கும் உறைக்குள் கண் டாக்டர் சீட்டு ஒன்று இருந்தது. நீங்களும் அதை எடுத்திருப்பீர்கள். மங்கிய வெளிச்சத்தில் பார்வை போய்விடும், இருட்டிய பிறகு வண்டி ஓட்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. தேதி நாலு வருஷத்துக்கு முந்தையது. ஆக, கேட்டைப் பூட்டியது கண்டிப்பினால் இல்லை. தான் இருட்டில் சுவரைத் தடவுவதைத் தெரு பார்த்துவிடக் கூடாது. தான் உள்ளே இருக்கும்போது நான் மட்டும் வெளியே நிற்கவும் கூடாது.

சீட்டை இருந்தபடியே மடித்து வைத்தேன். ஊர்ச் சேதியெல்லாம் சொல்கிறவள் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பரிதாபப்பட வேண்டிவரும். பரிதாபப்பட்டு விட்டால் அப்புறம் வீட்டுக்குள்ளேயேதான் இருக்க வேண்டும்.

ஆலையில் கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர், கால்வாய் ரோட்டில் வீடு. அங்கே சாயங்காலம் நாலைந்து பேர் கூடிக் கேரம் ஆடுவார்கள். இவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்கு வாய் வலித்தது. இவர் ஒவ்வொரு தடவையும் போனில் ஒரே பதில்தான் சொல்வார்: "கார் லைட் சரியில்லப்பா. பழைய வண்டி, ரோடே தெரியல."

பாவம் அந்தக் கார். இருபத்திரண்டு வயசு, பழியை வாங்கிக்கொண்டு சும்மா நின்றது. லைட் மங்கல்தான், பொய் சொல்லவில்லை. மேலே கண்ணாடி பழுப்பேறி, போட்டால் மஞ்சளாக ஒரு சோகை வெளிச்சம் வரும். நான் யோசித்தேன். லைட்டை மாற்றிவிட்டால் அவர் கேரம் ஆடப் போகலாம், நான் கேட்டில் நிற்கலாம். வேன்காரர் காதில் ஒரு வார்த்தை போட்டுவைத்தேன்.

மறுநாள் காலை தெருவே வெளியே நிற்கும் நேரம் பார்த்து வேன்காரர் ஆரம்பித்தார். "என்ன சார், ரிட்டயர் ஆனது நீங்களா, உங்க காரா? சாயங்காலம் ஆனா ரெண்டும் வெளிய வர்றதில்லையே."

"லைட் மங்கல்" என்றார் இவர்.

"மங்கலா இருந்தா மாத்திட வேண்டியதுதானே. அக்கா மாத்திக் குடுக்கறேன்னு சொல்றாங்களாமே. நாங்கள்லாம் வீட்டுல ஒரு டார்ச் கேட்டாலே அடுத்த வருஷம் பாக்கலாம்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்டவர் சிரிப்பது போல இருந்தது. கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும், அல்லது காரை எடுக்க வேண்டும். காரை எடுத்தார்.

வயரிங் கடைக்கு நானும் கூடப் போனேன். இவர் வைப்பர் வாங்க எதிர்க்கடைக்குப் போயிருந்தபோது கடைக்காரர் என்னிடம்தான் விளக்கினார்.

"இந்த வெள்ளை பல்ப் போடலாம்மா. ஆனா உள்ள இருக்கற கிண்ணம் மஞ்ச பல்புக்குன்னு செஞ்சது. வெளிச்சம் சிதறும்."

"சிதறினா என்ன?"

"கிட்டக்க பட்டப்பகல் மாதிரி இருக்கும். ஓட்டறவருக்கு எல்லாம் தெரியற மாதிரி ஒரு நெனப்பு வந்துடும். தூரத்துல பாத்தா முன்ன தெரிஞ்சதுகூடத் தெரியாது. கண்ணு கிட்ட இருக்கற வெளிச்சத்துக்குப் பழகிடுதுல்ல."

"அப்ப?"

"மொத்த செட்டையும் மாத்தினா நல்லது. வர ஒரு வாரம் ஆகும். அவசரம்னா இதையே போட்டு உயரத்தைச் சரியா வச்சுத் தரேன். சரியா வச்சா ஓரளவு ஒழுங்கா இருக்கும்."

ஒரு வருஷம் போய்விட்டது, இன்னும் ஒரு வாரமா என்று தோன்றியது. இதையே போடச் சொன்னேன். கடைக்காரர் காரைச் சுவரைப் பார்க்க நிறுத்தி, சாக்பீஸால் கோடு கிழித்து, இரண்டு விளக்குக்கும் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பி வெளிச்சத்தைக் கோட்டில் நிறுத்தினார். எந்தப் பக்கம் திருப்பினால் ஏறும், எந்தப் பக்கம் இறங்கும் என்று நான் கேட்டேன். எதைப் பார்த்தாலும் கேட்டுத் தெரிந்துகொள்வது என் சுபாவம். நாலு சுற்று இறக்கினால் வண்டி மூக்குக்கு முன்னால் மட்டும்தான் தெரியும் என்றார். கடைசியில் திருகின் தலையில் ஒரு சிவப்புப் பெயின்ட் பொட்டு வைத்தார். அந்தப் பொட்டு உடைந்திருக்கும் படம்தானே உங்கள் மேஜைமேல் இருக்கிறது.

அந்த நாள் வரைக்கும் என் மனசில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. அதைத் தனியாக எழுதுங்கள்.

அன்று சாயங்காலம் தெருவில் நின்றபடி விளக்கைப் போட்டார். எதிர்வீட்டுச் சுவரில் பூச்சு உதிர்ந்த இடமெல்லாம் எண்ணிப் பார்க்கலாம் போல இருந்தது. மாடி வீட்டுக்காரி கண்ணைப் பொத்திக்கொண்டு, "போதும் சார், எங்க வீட்டு ஒட்டடையெல்லாம் ஊருக்குக் காட்டாதீங்க" என்றாள். இவர் இறங்கிப்போய் வெளிச்சத்தில் நின்று தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"ஏறு."

"நான் எதுக்கு?"

"நீயும் வா. முன்னால என்ன வருதுன்னு சொல்லிக்கிட்டே வா."

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு நான் காருக்குள் இருந்தேன். மாடு, சைக்கிள், ஆள், வளைவு. மாடு, சைக்கிள், ஆள், வளைவு. ரேடியோவுக்கு நாலே நாலு வார்த்தை. நண்பர் தனி ஆள்; அங்கே போனால் ஆண்கள் கேரம் ஆடுவார்கள், எனக்குத் துணை ஒரு பூந்தொட்டி. திரும்பி வரும்போது தெரு அடங்கியிருக்கும். முன்னாலாவது ஜன்னல் இருந்தது, வாய் அசைவதாவது தெரிந்தது. இப்போது அதுவும் இல்லை. வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "சரி, அப்ப நானும் போகல" என்று கேட்டைப் பூட்டினார்.

ஆறு மாதம் இப்படிப் போயிற்று. அவர் முகம் தெளிந்துவிட்டது, பாட்டுக்கூட முணுமுணுத்தார். ஒரு நாள் கால்வாய் ஓரமாகக் காரை நிறுத்தி விளக்கை அணைத்தார்.

"உங்கிட்ட ஒண்ணை மறைச்சிட்டேன். எனக்கு இருட்டுல கண்ணு தெரியாது. நாலஞ்சு வருஷமாவே."

நான் என் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினேன்.

"வெக்கமா இருந்துச்சு. இப்ப இல்ல. உன் கண்ணுதான் என் கண்ணு. சாகற வரைக்கும் இப்படியே போயிடலாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சூடான கை. பிடி ஒன்றும் இறுக்கமில்லை. இருந்தாலும் அதிலிருந்து எப்படிக் கையை எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சாகிற வரைக்கும் என்றால் எத்தனை வருஷம் என்று வீடு வந்து சேரும்வரை கணக்குப் போட்டேன். அவர் அப்பா தொண்ணூறைத் தாண்டியவர்.

இரண்டு நாள் கழித்து, பகலில் அவர் தூங்கும்போது தையல் மெஷின் பெட்டியிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்துக்கு நாலு சுற்று. சின்ன வேலைதான், பித்தான் தைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

அன்று சாயங்காலம் அவர், "இன்னைக்கு இன்னும் பளிச்சுன்னு இருக்கே" என்றார். கடைக்காரர் சொன்னது அப்படியே சரி. கெட்டிக்காரர், அவர் மேல் எந்தத் தப்பும் கிடையாது. வண்டிக்கு முன்னால் பாய் விரித்தாற்போல வெள்ளை வெளிச்சம். அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. எனக்கே தெரியவில்லை, அவருக்கு எங்கே தெரியப்போகிறது. ஆனால் மூன்றாம் நாள், "நீ சொல்றதுக்கு முன்னாலயே எனக்குத் தெரிஞ்சிடுது. கண்ணு தேறிடுச்சு போல" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். அவரைக் கடைசியாகச் சந்தோஷப்படுத்தியது நான்தான் என்பதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

நாலாம் நாள் மதியம் வேன்காரர் ஒரு சேதி கொண்டுவந்தார். கால்வாய் ரோட்டு வளைவில் குழாய் போட ஆழமாகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். குறுக்கே ஒரு கயிறு மட்டும் கட்டியிருக்கிறது, விளக்குக்கூட வைக்கவில்லை. நான் அதை அன்றைக்கே ஏழு பேரிடம் சொன்னேன். கடைசி வீட்டு டீச்சரை வேறு வழியாகப் போகச் சொன்னேன். பேப்பர் போடுகிறவரைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னேன். யாரும் விழுந்துவிடக் கூடாதே.

ஆறு மணிக்கு எனக்குத் தலைவலி என்றேன்.

"அப்ப நானும் போகல."

"நீங்கதானே சொன்னீங்க, நான் சொல்றதுக்கு முன்னாலயே தெரியுதுன்னு. ஒரு நாள் தனியாப் போய்ப் பாருங்களேன்."

காரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வளையத்தை நகத்தால் நெம்பி, பூட்டுச் சாவியைத் தனியே கழற்றி என் கையில் வைத்தார். அவர் அதை என்னிடம் தந்தது அதுதான் முதல் தடவை. கார் கதவைச் சாத்துமுன் கேட்டார்: "வழியில ஏதாவது விசேஷம் உண்டா?"

"ஒண்ணும் இல்ல. நேராப் போங்க."

தலை வாரிக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். மாடி வீட்டுக்காரி ஓடிவந்தாள். எவ்வளவு சேதி சேர்ந்துபோயிருந்தது தெரியுமா. மூன்றாம் வீட்டு மருமகள் திரும்பி வந்து, மறுபடியும் போயிருக்கிறாள். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, வேன்காரர் தெருமுனையிலிருந்து வேகமாக நடந்து வந்தார்.

"அக்கா, கொஞ்சம் உக்காருங்க" என்றார்.

எனக்குத் தெரிந்த சேதியைத் தெரியாதது போலக் கேட்டுப் பழக்கமில்லை. முகம் எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றுவிட்டேன். அவர் என்னையே பார்த்தார். பள்ளத்தைப் பற்றி மதியம் என்னிடம் சொன்னது அப்போது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மறுநாள் உங்களிடம் வந்து சொன்னதும் அவர்தான் என்று எனக்குத் தெரியும். அவர் மேலும் எனக்கு வருத்தமில்லை.

'கொன்றேன்' என்றே எழுத வேண்டுமா? எழுதுங்கள், சொல் சரிதான். திருகை இறக்கியது நான். பள்ளத்தைச் சொல்லாதது நான். நேராகப் போகச் சொன்னதும் நான்தான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று மட்டும் காட்டுங்கள் அம்மா. மணி ஐந்தேகால் ஆகிறது. தெருவில் இந்நேரம் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் போய்ச் சொன்னால்தான் நடந்தது என்ன என்று அவர்களுக்குச் சரியாகத் தெரியும்.